கடைசிப் பெயருக்கான கையெழுத்து

இறந்துபோனவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பும்படி எனக்கு ஒரு கடிதம் வந்தது. வார்த்தைகள் அப்படி இல்லை. மரியாதையான ஆங்கிலத்தில், உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், மகிழ்ச்சி, இத்துடன் உள்ள உரிமை மாற்றப் படிவத்தில் கட்டுரை ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், காலமான ஆசிரியருக்குப் பதிலாக அவருடைய சட்டப்படியான வாரிசுகள் அனைவரும் இட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் படிவம் வந்தால் கட்டுரை இந்த இதழில் வரும். தவறினால் அடுத்த இதழ். அடுத்த இதழ் என்றால் அரை வருடம். என்னிடம் அரை வருடம் இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தற்காலிகம். பெயர்தான் தற்காலிகமே தவிர, வருடக்கணக்காகத் தற்காலிகமாகவே இருந்தேன். முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஜூனில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் கணக்கு எழுதிய அரிசி ஆலை மூடிக் கிடந்தது. பட்டத்துக்கோ, பகுதிநேர ஆய்வுப் பதிவின் காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாகிவிட்டது, இனி நீட்டிப்பு கிடையாது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமென்றால், என் பெயர் முதலில் இருக்கிற கட்டுரை ஒன்று அச்சில் வந்திருக்க வேண்டும். ஆக, வேலைக்குப் பட்டம், பட்டத்துக்குக் கட்டுரை, கட்டுரைக்குச் செத்தவரின் கையெழுத்து. இதை யாரிடமாவது சொன்னால் சிரித்தார்கள்.

காலமானவர் என் நெறியாளர். சார் என்றே சொல்கிறேன், வேறெப்படியும் அவரை நான் கூப்பிட்டதில்லை. ஊர் ஆரணிதான். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. சாயப் பட்டறைகளில் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு அவித்துப் பசை நீக்குவார்கள் அல்லவா, அந்த அவித்த தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் நெல் மட்டும் கொஞ்சம் பசேலென்று நிற்கிறது, சாயத் தண்ணீர் கலந்த இடத்துக்கு அப்புறம் கருகுகிறது, ஏன் என்று பார்க்கலாமா என்று கேட்டவர் அவர். பார்த்தது நான். தட்டுத் தட்டாக நெல்லை ஊறவைத்து, முளை எண்ணி, வேர் அளந்து, மறுபடி ஊறவைத்து, என் இளமையில் மிச்சமிருந்ததை அதில் போட்டேன்.

சனிக்கிழமைகளில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது ஒரே பேருந்தில் போவோம். கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பதைக் கண்ணமங்கலம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

"நீ செஞ்ச, நீ முன்னாடி. நான் பின்னாடி" என்றார்.

"நீங்க கடைசியில இருந்தா நல்லாவா சார் இருக்கும்?"

"கண்டக்டர் எங்க உக்காந்துகினு இருக்காரு பாரு. கடைசி சீட்டு. அவரு விசில் குடுக்காம வண்டி போகுதா?"

எங்கள் துறையில் வழக்கமும் அதுதான். வேலை செய்தவர் முதலில், வழிநடத்தியவர் கடைசியில். இரண்டுமே நல்ல இடங்கள். நடுவில் இருப்பவர்களைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கட்டுரை அனுப்பத் தயாராக இருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மார்வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு பல்கலைக்கழகம் எனக்கு வேறொரு நெறியாளரைக் கொடுத்தது. கொடுத்தது என்பதுதான் சரியான சொல். நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவும் இல்லை. கட்டுரையை அவரிடம் காட்டினேன். முதல் பக்கத்தில் ஒரு கமாவை எடுத்தார், இரண்டாம் பக்கத்தில் அதைப் போட்டார். பிறகு பெயர்களுக்கு வந்தார்.

"என் பேரு எங்க?"

"சார், வேலை நடக்கும்போது நீங்க..."

"இப்ப கைடு யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப கடைசிப் பேரு யாருது?" என்று கேட்டுவிட்டு, பேனாவால் சாரின் பெயர் மேல் ஒரு கோடு போட்டார். அவசரமில்லாமல், அடிக்கோலை வைத்துப் போட்டார். "செத்தவருக்கு எதுக்கும்மா பேப்பர்? அவருக்கு இனிமே புரமோஷனா வரப்போகுது?"

அந்த இடத்தில் நான் அழுதிருந்தால் காரியம் கெட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தது நல்லதாயிற்று. இந்த ஆய்வுக்கான கேள்வியைக் கேட்டவரே அவர்தான் சார், அவர் பெயரை எடுத்தால் நான் திருடி என்றேன். திருடி என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை, பக்கத்து அறையில் ஆள் இருந்தார். கடைசியில் பேரம் படிந்தது. நான் முதலில், அவர் நடுவில், சார் கடைசியில். ஒரு வேலையும் செய்யாதவருக்கு ஓர் இடம் கொடுத்தது வயிற்றெரிச்சல்தான். சுங்கச்சாவடியில் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். "எதாவது பேஜாரு வந்தா அந்தப் பேரை எடுத்துடணும், சொல்லிட்டேன்" என்றார் அவர். பேஜார் வந்துவிட்டது.

வாரிசுகள் என்றால் மூன்று பேர். சாரின் மனைவி, மகன், மகள். முதலில் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன், வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் யார் கையெழுத்து வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது என்று. அங்கிருந்த குமாஸ்தா, "இன்னா சொத்துங்க?" என்றார். ஒரு கட்டுரை என்றேன். "எத்தினி சென்ட்டு?" என்றார். விளக்கிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் மகனும் மகளும் ஆளுக்கொரு ஆட்சேபணை மனு கொடுத்திருப்பதால் சான்றிதழ் நின்றுபோயிருக்கிறது, இப்போதைக்கு வராது, நேரே போய்க் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நல்ல யோசனைதான் சொன்னார். ஆட்சேபணை எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். என் மூளையில் நெல்லும் தேதியும் தவிர வேறெதுவும் இல்லை.

சாரின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தறிக்கூடத்தில் மகன் விசைத்தறி போட்டிருந்தார். அதன் சத்தத்தில் எல்லோரும் உரக்கப் பேசியே பழகிய வீடு. படிவத்தைக் காட்டினேன். அம்மா அதை வாங்கி, சாரின் பெயர் எங்கே என்று கேட்டு, விரலால் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பசங்க ரெண்டு பேரும் போடட்டும்மா. நான் அப்பறம் போடறேன். நான் மொதல்ல போட்டா, இன்னாத்துக்குப் போட்டேன்னு கேப்பாங்க."

மகன் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், தோளில் நூல் ஒட்டியிருந்தது. படிவத்தை விட்டுவிட்டுக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அப்பா பேரு கடைசியில இருக்குதே."

"அதுதாங்க பெரிய இடம்."

"கல்யாணப் பத்திரிகையிலகூடப் பெரியவங்க பேருதானே முதல்ல போடறாங்க. உங்க பேரு மேல, எங்க அப்பா பேரு கீழ. நடுவுல யாரு இவரு?"

நடுவில் இருப்பவரைப் பற்றி நான் என்ன சொல்வது? கண்டக்டர் கதையைச் சொன்னேன். தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியும் எடுபடவில்லை. "அப்பா பேரை முதல்ல போட்டுடுங்க, இப்பவே போடறேன்" என்றார். சாரின் பெயரை முதலில் போட்டால் என் பட்டம் போயிற்று. அதைச் சொன்னேன், வெட்கத்தை விட்டுச் சொன்னேன். எங்க வீட்ல இப்ப என் சம்பளம்தாங்க என்றேன். அவர் முகம் மாறியது. இரக்கம் உள்ளவர்தான்.

"சரி, விடுங்க. தங்கச்சி போட்டுட்டா நான் போட்டுடறேன்" என்றார்.

தங்கை போளூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். மறுநாளே போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது, தகப்பனை இழந்த பெண் வீடு என்று பேருந்து நிலையத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும், கொஞ்சம் சாத்துக்குடியும், ஒரு முழம் பூவும் வாங்கினேன். நாங்கள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்குப் பழம் வாங்கிப் போவதற்கு மதம் ஏது? எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்தேன். படிவம் கசங்காமல் இருக்க அதையும் அதே பையில் பழத்துக்கு மேலே வைத்தேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அந்தப் பைதான்.

அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு நன்றாகவே வரவேற்றார். காபி வந்தது. பழத்தையும் பூவையும் எடுத்துத் தட்டில் வைத்தேன், தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன், "இதுல ஒரு கையெழுத்து போடணும்மா" என்றேன். அவர் கை, பழத்தைத் தொடப் போனது, அப்படியே நின்றது.

"அண்ணன் அனுப்பிச்சாரா?"

"இல்லம்மா. இது அப்பா எழுதின..."

"காரியம் முடிஞ்ச அன்னிக்கே புடவை வெச்சு, பழம் வெச்சு, மேல பத்திரத்தை வெச்சாங்க மேடம். பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம். நான் போடல. இப்ப டீச்சரை அனுப்பியிருக்காங்களா?"

நான் பதறிப்போய்ப் படிவத்தைப் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அவரே வாங்கிப் படித்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண், ஆங்கிலத்தில் எந்தெந்தச் சொற்கள் தெரியுமோ அவை மட்டும் அவர் கண்ணில் பட்டன. டிரான்ஸ்ஃபர். ஆல் ரைட்ஸ். லீகல் ஹேர்ஸ். ஒவ்வொன்றாக விரல் வைத்து எனக்குக் காட்டினார். உண்மையில் அந்தத் தாளில் இருந்ததும் அதுதான். கீழே கையெழுத்திடுகிற நாங்கள் எங்களுக்குள்ள எல்லா உரிமைகளையும் மாற்றிக் கொடுக்கிறோம் என்று. எந்த விடுதலைப் பத்திரமும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்காது. கட்டுரை மேல் உள்ள உரிமைம்மா, வீட்டு மேல இல்ல என்றேன். கட்டுரை மேல் என்ன உரிமை, அதை வைத்து என்ன செய்ய முடியும், எதற்கு அதை இன்னொருவருக்கு மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விகள். நாங்கள் மாடாக உழைத்து எழுதியதை அச்சடிக்கிறவருக்கு இலவசமாக எழுதிக் கொடுத்துவிடுவோம், அப்புறம் அதைப் படிக்க எங்கள் கல்லூரியே சந்தா கட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இவ்வளவு மடத்தனமான பழக்கம் படித்தவர்களிடம் இருக்காது என்று நினைத்தார் போல.

நான் அங்கே அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வெளியிலிருந்து வந்தவர் என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டு மறுபடி வெளியே போய்விட்டார். நான் அழுத பிறகு அந்தப் பெண்ணே இறங்கிவந்தார்.

"நான் ஒரு வரி எழுதிட்டுப் போடட்டுமா?"

"நீ என்ன வேணா எழுதும்மா" என்றேன்.

கையெழுத்துக் கோட்டுக்கு மேலே, முத்து முத்தான தமிழில் எழுதினார். ஆரணி வீட்டில் எனக்குள்ள பங்கை நான் விட்டுக்கொடுக்கவில்லை, அப்பாவின் இந்தக் கட்டுரைக்காக மட்டும் கையெழுத்திடுகிறேன். கீழே பெயர், தேதி. எனக்கு அந்த வரியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் பத்திரிகைக்காரருக்குத் தமிழ் தெரியவா போகிறது? ஏதோ முகவரி என்று நினைத்துக்கொள்வார். திரும்பி வருகிற பேருந்தில் நாலைந்து முறை எடுத்துப் பார்த்து மகிழ்ந்தேன். அந்த வரியை இன்னொருவரும் படிக்க வேண்டியிருக்கிறது, அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது ஆரணியில் இறங்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

மகன் அதைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். தறிக்கூடத்துக்குள் ஏதோ சொல்லி அனுப்ப, சத்தம் நின்றது. அந்த வீட்டில் முதன்முறையாக அமைதியைக் கேட்டேன்.

"இதுக்குக் கீழ நான் போடணுமா?"

"ஆமாங்க."

"போட்டா, அவளுக்குப் பங்கு இருக்குதுன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவுது. நாளைக்குக் கோர்ட்ல இதைத்தான் முதல்ல காட்டுவாங்க."

படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன், தனித்தாளில் போடுங்கள் என்றேன். "எந்தத் தாளா இருந்தா இன்னாங்க, அந்த வரி இருக்கிற கட்டுல நான் இருக்கமாட்டேன். அவளை அதை அடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, நான் போடறேன்" என்றார். குரல் உயரவே இல்லை. பஞ்சாயத்துப் பேச வந்தவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். தொலைபேசிக் கடைக்குப் போய்ப் போளூருக்குப் பேசினேன். அந்தப் பெண் சொன்ன பதில் சின்னது. "அடிச்சா நீங்களும் அவரு ஆளுதான் மேடம்."

ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்தின் சொத்துத் தகராறுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் இருந்த தாள் ஒருவருக்கு வேண்டும், இன்னொருவருக்கு ஒழிய வேண்டும். நெல் முளைத்ததைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. மாதம் முடிந்துகொண்டிருந்தது. வகுப்பில் நின்று வேரின் உட்பகுதியை வரைந்துகொண்டிருக்கும்போது சாக்குக்கட்டி உடைந்து விழும். வீட்டில் குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது, அவர்கள் அதை அப்படியே சாப்பிட்டு எழுந்தது திட்டியதைவிட மோசமாக இருந்தது. கர்த்தரிடம் கேட்டேன். என்ன கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை. யார் மனதை மாற்றச் சொல்வது? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அல்லது இரண்டு பேர் பக்கமும் இல்லை.

புது நெறியாளரிடம் போனேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. பேரை எடுங்க, முடிஞ்சுது. மிச்சம் ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். ஜல்தியா வேற படிவம் வாங்கி அனுப்புங்க" என்றார். நியாயப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காரியம் ஆகிற வழி அது ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகைகள் அடிக்கிற கடையில்தான் கட்டுரையைத் தட்டச்சு செய்திருந்தேன். அங்கே போய் சாரின் பெயர் இல்லாத முதல் பக்கம் ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு பெயர்களோடு பக்கம் சுத்தமாக, நன்றாகத்தான் இருந்தது. புது நெறியாளர் பெயர், கடைசி இடத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தது.

அதை அஞ்சலில் சேர்க்கும் முன் சாரின் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அனுமதி கேட்பதற்காக இல்லை. சொல்லாமல் செய்தால் அப்புறம் அந்தத் தெரு வழியாக நடக்க முடியாது என்பதற்காக. மதியச் சாப்பாட்டு நேரம், மகன் இலையில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அம்மா, சார் பேரை எடுத்துடறேம்மா. எனக்கு வேற வழி தெரியல. மன்னிச்சுடுங்க."

அம்மா ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எடுத்துட்டா, அவரு செய்யலன்னு ஆயிடுமா?"

"படிக்கறவங்களுக்கு அப்படித்தாம்மா."

"அந்தத் தாளு எங்க?"

கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மகள் எழுதிய வரியை உதடு அசையப் படித்தார். ஆங்கிலம் தெரியாது என்று எப்போதும் சொல்கிறவருக்கு, அந்தத் தாளில் படிக்க முடிந்தது அந்த ஒரு வரிதான்.

"பேனா குடும்மா" என்றார்.

"யோசிச்சுப் போடும்மா" என்றார் மகன், இலையிலிருந்து தலை தூக்காமல்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? அவரு பேருக்குப் போடறேன். அவ எழுதினதுக்கும் சேத்துதான் போடறேன், அதுவும் பொய்யில்ல."

மகளுடைய பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். மெதுவாக, எழுத்துக்கு எழுத்து பேனாவை எடுத்து எடுத்து எழுதினார். முடித்ததும் மகன் எழுந்துவிட்டார். இலையில் சோறு பாதி இருந்தது. கை கழுவிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போனார், சத்தம் ஆரம்பித்தது. நான் அங்கே நின்றிருக்கக் கூடாது, ஆனாலும் நின்றேன், ஏனென்றால் தாள் இன்னும் அம்மாவின் கையில்தான் இருந்தது. அந்த வீட்டில் என்ன உடைந்ததோ தெரியாது, எனக்கு அந்தத் தாள் வேண்டும். அன்றைக்கு என் நிலைமை அப்படி இருந்தது.

மூன்றில் இரண்டு கையெழுத்துதான். மூன்றாவது வாரிசு கையெழுத்திட விரும்பவில்லை என்று ஒரு கடிதம் வைத்து அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை நான் உயிரோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. பதில் வந்தது. படிவம் கிடைத்தது, இதழில் கட்டுரை வருகிறது. நடைமுறையில் மனைவியின் கையெழுத்து ஒன்றே போதுமானது, மற்றவற்றுக்காகச் சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று இதழாசிரியர் கனிவோடு ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தக் கனிவான வரியைப் படித்துவிட்டு, சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் போளூருக்கே போயிருக்க மாட்டேன். மகளின் அந்த வரியும் எழுதப்பட்டிருக்காது.

ஆய்வேட்டைக் கொடுத்தேன். பட்டம் வந்தது, வேலை நிலைத்தது, இரண்டாயிரம் பிறந்த பிறகு தற்காலிகம் என்ற சொல்லும் போயிற்று. வழக்கு மட்டும் ஆரணியில் நடந்துகொண்டே இருந்தது. மகன் அம்மாவைப் போகச் சொன்னதாக ஊரில் சொன்னார்கள். மகன் போகச் சொல்லவில்லை, பேசுவதை நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே பேசாத பிள்ளைக்குச் சோறு போட முடியாமல் அவரே கிளம்பிவிட்டார். போளூரில் மருமகன் வீட்டில் இருந்தார். மகன் ஆரணியில் கல்லு மாதிரி இருக்க, மருமகன் வீட்டில் தாய் இருப்பதென்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முகம் உண்டு. கேட்காமலே வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருக்கிற முகம்.

பட்டம் வருவதற்கு முன்பே, அம்மா போளூர் போன புதிதில், அச்சான கட்டுரையின் தனிப்பிரதிகள் வந்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். இந்த முறை பழம் வாங்கவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். வழவழப்பான தாளைத் தடவிப் பார்த்தார். பெயர் எங்கே என்றார், காட்டினேன். பெயரின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி இருந்தது. கூர்ந்து பார்த்தார்.

"இது இன்னாம்மா, சிலுவையா?"

"இல்லம்மா. காலமாயிட்டவங்களுக்கு அச்சுல அப்படி ஒரு குறி போடுவாங்க."

"நீ போடச் சொன்னியா?"

"ஐயோ, இல்லம்மா. எல்லாருக்கும் அதுதான். உலகம் பூரா அதுதான்."

"சரி, இருக்கட்டும். அவரு ஒண்ணும் நினைச்சுக்கமாட்டாரு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. எனக்கு அந்த நிமிடம் பெரிய நிம்மதியாக இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், பேருந்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அம்மா பக்கத்தைத் திருப்பினார். முளைவிட்ட நெல்லின் படத்தைத் தாண்டினார், வரைபடத்தைத் தாண்டினார், அட்டவணையைத் தாண்டினார். நிதானமாகத் திருப்பிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றார். அதைத் தூக்கி, அதன் பின்புறத்தையும் பார்த்தார். பின்புறம் வெறுமையாக இருந்தது.

"நான் போட்டேனே கையெழுத்து, அது எங்கம்மா?"

"அது அந்தத் தாள்ல இருக்குதும்மா. அவங்க ஆபீஸ்ல பத்திரமா வெச்சிருப்பாங்க."

"இதுல வராதா?"

"வராதும்மா. இதுல எழுதினவங்க பேரு மட்டும்தான் வரும்."

அம்மா தலையை ஆட்டினார். பிறகு, நான் சொன்னது சரியாகக் காதில் விழாதவர் மாதிரி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.